நாலு பேருக்குக் கால் கிலோ

பின்ன என்ன மாமா, மனுசங்க உரிக்கிற வெங்காயமா இது? ஒவ்வொண்ணும் கோலிகுண்டுல பாதி சைசு... இதுல அன்னக்கூட நெறைய! பதினோரு மணிக்குள்ள நான் ஒருத்தியே உரிச்சு முடிக்கணுமாம். முடிக்கலன்னா சாயங்காலம் என் ஃப்ரெண்டு பூர்ணிமா பர்த்டேக்கு பீச்சுக்குப் போகக் கூடாதாம். எங்க வீட்டு ஆனந்தமேரி அம்மா போட்ட ஆர்டர். "ஏ அஞ்சலி! நான் பூசை முடிஞ்சி வர்றப்ப ஒரே ஒரு வெங்காயம் தோலோட கெடந்துச்சு... ஒன் தோல உரிச்சிடுவேன்!" எப்பிடி? அப்பிடியே அம்மா கொரல் இல்ல? பாத்தீங்களா, நீங்களே வாசப்பக்கம் திரும்பிட்டீங்க!

எங்க எழுந்திரிக்கிறீங்க? உக்காருங்க மாமா. அக்காவும் பிரான்ஸ் விருந்தாளிங்களும் சர்ச்சுல, பூசைல இருக்காங்க, அப்பா மீன் வாங்க தேங்காய்த்திட்டு துறைமுகத்துக்குப் போய்ட்டாரு. தனியா ஹால்ல உக்காந்து ஃபேன பாக்கறதுக்கு இங்க உக்காந்து கதய கேக்கலாம்ல? இந்த வெங்காயம் எப்பிடி இவ்ளோ வந்துச்சுங்கறதே ஒரு பெரிய கூத்து. கேட்டீங்கன்னா சிரிச்சி சிரிச்சி கண்ணுல தண்ணி வந்துடும். பெட்டு கட்டுறேன். கண்ணுல தண்ணி வரலன்னா இன்னிக்கு என் பங்கு மீன் ஒங்களுக்கு.

ஆனா ஒடனே சொல்ல மாட்டேன். ஒடனே சொன்னா சிரிப்பு பாதிதான் வரும்.

ஐயய்யோ! நீங்க ஏன் வெங்காயத்த எடுக்குறீங்க? வைங்க வைங்க. கல்யாணம் ஆயி ஒரு மாசங்கூட ஆவல, புது மாப்ள. ஒங்க அம்மா போன்ல எங்க அம்மாகிட்ட என்னா சொன்னாங்க தெரியுமா? "சம்மந்தி... எம்புள்ள ராஜவேலு இருக்கானே... ஒரு சொம்பு தண்ணிகூட தானா மோந்து குடிக்க மாட்டான். அவன அப்பிடி வளத்துட்டேன்..." செல்வாம்பாள் அத்த கொரல்ல அந்த இழுப்பு வருதா? இன்னும் கொஞ்சம் மூக்குல பேசணும்ல? பழகிடுறேன். அதான் எங்க அக்காகூட நேத்து போன்ல சொன்னா... வேணாம், விடுங்க. சொன்னா சண்ட வரும்... சரி, நான் சொன்னேன்னு சொல்லக் கூடாது. "அவருக்கு ஒரு சின்ன வெங்காயம் முழுசா உரிக்க வராதுடி"ன்னா.

ஆங்... அதான் நானும் கேட்டேன்! பாகூர்ல நாத்து நட்டு வளந்த கைக்கு வெங்காயம் உரிக்க வராதான்னு! சரி, அக்கா மூஞ்சில கரிய பூசணும்ல. ஒண்ணே ஒண்ணு. ஒண்ணுக்கு மேல தொட்டீங்கன்னா நானே கைய புடிச்சி நிறுத்திடுவேன்.

அட! நொடில வந்துடுச்சே! நான் இன்னும் இந்த மொத வெங்காயத்தோட மல்லுக்கட்டிட்டிருக்கேன். இன்னொண்ணு காட்டுங்க, எங்க கத்தி வெக்கிறீங்கன்னு பாக்கணும்.

சரி, கதைக்கு வரேன். எங்க அம்மாகிட்ட ஒரு நோட்டு இருக்குல்ல, சமையல் நோட்டு? அதுல எல்லாமே நாலு பேருக்குத்தான். ஏன்னா நாங்க நாலு பேர்தான். அப்பா, அம்மா, அக்கா, நான். மீன் கொழம்புன்னா, மீன் ஒரு கிலோ, சின்ன வெங்காயம் கால் கிலோ, புளி எலுமிச்சங்கா அளவு, உப்பு தேவையான அளவு. முடிஞ்சிது. இருவது வருசமா அதே கொழம்பு, அதே சட்டி. அந்த நோட்டப் பொறுத்தவரைக்கும் ஒலகத்துலயே மொத்தம் நாலு பேர்தான்.

அப்பறம் ஒங்க கல்யாணம் வந்துச்சு. அதுக்கு பிரான்ஸ்லேர்ந்து எங்க அப்பாவோட அக்கா பெர்னதெத் வந்தாங்க, மாமாவும் ரெண்டு புள்ளைங்களும் கூட. பத்து நாள்னு சொல்லித்தான் வந்தாங்க. இன்னியோட எத்தன நாளு? நீங்களும் எண்ணிட்டுத்தான் இருக்கீங்களா! ஐயோ மாமா, நீங்க நம்ம ஆளு. அவங்கள அத்தன்னு கூப்புட்டா திரும்பவே மாட்டாங்க, பிரெஞ்சுல தாந்த்னு கூப்புடணும். எட்டு பேர் ஆச்சா? நீங்க ஒம்போது. இன்னிக்கு மதியம் ஒங்க அப்பா, அம்மா, தங்கச்சி சாப்புட வராங்க. பன்னெண்டு.

இருங்க, அந்தச் சருகெல்லாம் ஒதுக்குறேன். தோலு ஒங்க வேட்டில விழுது. நீங்க பாட்டுக்கு செய்ங்க... நிறுத்த சொல்லணும்னு பாக்குறேன், ஆனா ஒங்க வேகத்த பாத்தா மனசு வரல.

அம்மாவுக்கு முந்தாநாள்லேர்ந்தே படபடப்பு. சம்மந்தி வீட்டுக்கு மொத மொத விருந்து, கொழம்பு பத்தலன்னா ஊர் பூரா பேச்சு. என்னை கூப்புட்டு, "கணக்குல தொண்ணூத்தாறு வாங்குனல்ல? இத பன்னெண்டு பேருக்கு மாத்தி ஒரு சீட்டுல எழுதுடி"ன்னாங்க. நாலு மூணு பன்னெண்டு. எல்லாத்தையும் மூணால பெருக்கி எழுதிட்டேன். புளி, மூணு எலுமிச்சங்கா. உப்பு, மூணு தேவையான அளவு. அத பாத்து அம்மா தலைல ஒரு கொட்டு.

சிரிப்பு வருதா? இது இல்ல மாமா, நான் சொன்ன சிரிப்பு. அது இன்னும் பின்னாடி இருக்கு. கண்ணு கலங்குதே ஒங்களுக்கு... தொடைக்காதீங்க, தொடைச்சா இன்னும் எரியும்.

அந்தச் சீட்ட அம்மா ஃப்ரிட்ஜ் மேல காந்தத்துல ஒட்டி வெச்சாங்க. நேத்து காலைல தாந்த் வந்து அது முன்னாடி நின்னாங்க, இடுப்புல கைய வெச்சிகிட்டு. "அஞ்ஜலீ! என்ன இது, தேவையான அளவு? எத்தன கிராம்? எனக்கு கிராம்ல சொல்லு! எலுமிச்சங்கா அளவுன்னா எந்த ஊர் எலுமிச்சங்கா?" அப்பிடியே மூக்குக் கண்ணாடிய எறக்கிவிட்டு ஒரு கேள்வி கேட்டாங்க. "இது நாலு பேருக்குத்தானே?"

அவ்ளோதான். அவங்களே பேனாவ எடுத்தாங்க. எல்லாத்தையும் மறுபடியும் மூணால பெருக்குனாங்க. அவங்க வீட்டுக்காரர கூட்டிகிட்டு பெரிய மார்க்கெட்டுக்கே போய்ட்டாங்க. அம்மா அப்ப தையக்கடைல. திரும்பி வந்து பாக்குறாங்க, பின்கட்டுல பக்கெட்டுல புளி ஊறுது. ஒம்போது எலுமிச்சங்கா! எல்லாத்தையும் ஒண்ணா உருட்டி தேங்கா சைசுல! அப்பா வந்து குனிஞ்சி பாத்துட்டு, "க்ஹும்... ஏம்மா மேரி... யாரு தலடி இது பக்கெட்டுல?"

அம்மா அழுவறதா சிரிக்கறதான்னு தெரியாம, வீட்ல இருக்கற பித்தள சாமான் பூரா எடுத்து அந்தப் பக்கெட்டுல போட்டாங்க. மெழுகுவத்தி ஸ்டாண்டு, பூ ஜாடி, அப்பாவோட பழைய கப்பு. ஹால்ல எல்லாம் பளபளன்னு இருக்கேன்னு காலைல வந்ததும் கேட்டீங்கல்ல? புளி பண்ண வேல.

நல்லவேளையா மீன் தப்பிச்சிது. மீன் விசயத்துல எங்க அப்பா தனிஸ்லாஸ் எந்தச் சீட்டையும் பாக்க மாட்டாரு, மீன் கண்ணத்தான் பாப்பாரு. ஆனா வெங்காயம் மாட்டிகிச்சு. ரெண்டே கால் கிலோ! கொழம்புக்குப் போக மிச்சத்த வடகம் போட்டுக்கறேன்னு அம்மா சொல்லிட்டாங்க. ஆனா உரிக்கறது...

என்ன மாமா? என்ன வெரல்ல கணக்கு போடுறீங்க?

ஆமா. கால் கிலோ மூணு மொற முக்கால் கிலோ. கரெக்ட்டு. ஒங்க கொழம்புக்குத் தேவையான முக்கால் கிலோவ நீங்க எப்பவோ தாண்டிட்டீங்க. இப்ப உரிக்கறதெல்லாம் வடகத்துக்கு.

ம்? தாந்த் கேட்டப்ப நான் என்ன பதில் சொன்னேனா? அத விட்டுட்டேனா நான்? இல்ல... வந்து... தலைய ஆட்டுனேன். லேசா. "நாலு பேருக்குத்தானே"ன்னாங்க, "உய் தாந்த்"னு சொன்னேன், ஆமான்னு. சும்மா மாமா! மறுபடியும் பெருக்குனா என்ன ஆவும்னு பாக்க ஒரு ஆச! இவ்ளோ தூரம் போவும்னு யாரு கண்டா? பக்கெட்ட பாத்ததும் எனக்கு சிரிப்பு அடக்க முடியல, அதுலதான் அம்மா புடிச்சிட்டாங்க. அதுக்குத்தான் இந்த தண்டன. தண்டன எனக்குத்தான். நான் ஒருத்தியேதான் உரிக்கணும்...

ஏன் மாமா அப்பிடி பாக்குறீங்க?

கூடைய ஏன் சாய்ச்சி பாக்குறீங்க? ஒரு கைப்பிடிதான் இருக்கு, முடிச்சிடுங்களேன்... என் கையையா? என் கைல என்ன... வெங்காயந்தான். ஆமா, அதேதான். கத ஆரம்பிச்சப்ப எடுத்தது. பாதி உரிச்சிட்டேன்ல!

இருங்க இருங்க, கேட் சத்தம்! அம்மா வண்டி! நிஜமா மாமா, இது நான் பண்ற சத்தம் இல்ல! எந்திரிங்க, வேட்டிய ஒதறுங்க... ஐயோ, பின்னாடி ஆட்டோவுல யாரு? மாமா... ஒங்க அம்மா! பன்னெண்டு மணிக்குதானே வரேன்னாங்க! கத்திய கீழ போடுங்க, தலைல தோலு ஒட்டிட்டிருக்கு, ஐயோ மூக்கு வேற செவப்பா... இப்ப எங்க அம்மா என்னை கொல்லப் போறாங்க, ஒங்க அம்மா எங்க அம்மாவ கொல்லப் போறாங்க...

சிரிக்கிறீங்களா? கண்ணுல தண்ணியோட சிரிக்கிறீங்களா!

அப்ப பெட்டுல நான் ஜெயிச்சிட்டேன் மாமா. என் மீன் எனக்குத்தான்.