நிற்கக் கற்றுக்கொண்ட காலை அறிக்கை

எண்களை எண்களாக மட்டும் பாராமல், அவற்றின் பின்னே இருக்கும் மனிதரையும் பார்த்த மாண்பினரே, நல்லுயிர் ரத்தச் சுத்திகரிப்பு நிலையங்களின் புள்ளியியல் பிரிவை இருபத்தாறு ஆண்டுகள் தாங்கிய தகைசால் திருமதி நஃபீசா அம்மையாரே, வணக்கம். உங்கள் பணி ஓய்வு விருந்துக்காகச் சிங்கப்பூரின் சிராங்கூன் சாலை உணவகத்தில் இன்று உங்களைச் சூழ்ந்திருக்கும் நாங்கள், உங்கள் கதையை உங்கள் முன்னிலையிலேயே சொல்ல விழைகிறோம்.

நேற்றைய ரத்தப் பரிசோதனையில் எந்தச் சிறுநீரக நோயாளியின் அளவு எல்லை மீறியது என்று நிலையங்களுக்குச் சொல்வது காலை அறிக்கை. அதைக் கணக்கிட்ட பழைய மென்பொருளின் உரிமம் ஒரே ஒரு கணினிக்கு உரியது. அது அம்மையாரின் மேசையில் இருந்தது. அதனால் விடியுமுன் வந்து, ஒவ்வொரு கணக்கீடாகக் கையால் ஓட்டி, முடிவைக் கண்ணால் சரிபார்த்து அனுப்புவார். காய்ச்சலிலும் வந்தார், கணவரின் அறுவை சிகிச்சை அன்றும் வந்துவிட்டுத்தான் மருத்துவமனைக்குப் போனார்.

உரிமக் கட்டுப்பாடு இல்லாத திறமூல மென்பொருளுக்கு மாறலாம், சர்வரில் தானே ஓடவிடலாம் என்று முதலில் சொன்னவரும் அவரே. கணினிப் பிரிவின் டெரன்ஸுடன் அமர்ந்து எல்லாவற்றையும் புதிதாக எழுதினார். அறிக்கை தானே புறப்பட்ட முதல் வாரத்தில், தம் தோ பாயோ வீட்டில் அவர் காலையில் பசியாறிக்கொண்டிருந்தபோது, காத்தோங் நிலையத் தாதி செரினா அழைத்தார்.

"அக்கா, இன்னிக்கு எங்க சென்டர்ல யாருக்கும் பிரச்சினை இல்லன்னு வந்திருக்கு. சந்தோஷப்படலாமா?"

"படாதீங்க. காத்தோங்ல யாருமே இல்லாத நாள நான் இன்னும் பாத்ததில்ல."

அம்மையார் உடனே டெரன்ஸை அழைத்தார். "எரர் எதுவும் வரலையேக்கா," என்றார் அவர். "சர்வர்ல ஓடின ஜாப் சக்சஸ்னுதான் காட்டுது லா."

ஆய்வகத்திலிருந்து வந்த கோப்பில் தலைப்புகள் மட்டுமே இருந்தன, அவற்றின் கீழ் ஒரு முடிவும் இல்லை. வெறுங்கோப்பைப் படித்த நிரல், எவருக்கும் ஆபத்தில்லை என்று அறிவித்துவிட்டது. அம்மையார் ஆய்வகத்தைத் தொலைபேசியில் பிடித்து முடிவுகளை வாங்கினார். இயேசுதாசன் என்ற நோயாளியின் பொட்டாசியம், இதயத்தை நிறுத்திவிடும் அளவுக்கு ஏறியிருந்தது. மறுநாள்தான் அவருடைய சுத்திகரிப்பு முறை. செரினா அவரை அன்று முற்பகலே வரவழைத்துச் சுத்திகரிப்பில் சேர்த்தார். அவர் பிழைத்தார்.

பழையபடி கையாலேயே ஓட்டலாம் என்றது நிர்வாகம். அம்மையாரின் மறுமொழி எங்கள் காதில் இன்னும் ஒலிக்கிறது. "பழைய மென்பொருளும் இந்த வெறும் ஃபைலப் படிச்சு இதையேதான் சொல்லியிருக்கும். அப்ப பக்கத்துல நான் உக்காந்திருந்தேன், அவ்வளவுதான். நான் பாக்குறத எல்லாம் இதுவும் பாக்கணும். அதுக்கு டைம் குடுங்க."

நேரம் கிடைத்தது. பழையதும் புதியதும் அருகருகே ஓடின. முடிவில் ஒரு தசமம் வேறுபட்டாலும் காரணம் காணும்வரை அம்மையார் விடவில்லை. இத்தனை ஆண்டுகள் தம் கண் தன்னையறியாமல் கவனித்தவற்றை ஒவ்வொன்றாக டெரன்ஸிடம் சொல்லச் சொல்ல, அவை நிரலில் விதிகளாயின. நோயாளிகளின் எண்ணிக்கை திடீரெனக் குறைந்தால் நில். கோப்பு நேற்றையது என்றால் நில். தெரியாதபோது 'யாருமில்லை' என்று சொல்லாதே, 'தெரியவில்லை' என்று சொல், சொல்லி மனிதரைக் கூப்பிடு.

அதன்பின் அறிக்கை பலமுறை நின்றிருக்கிறது, பொய் சொன்னதில்லை. அவ்வாண்டு நோன்புப் பெருநாள் காலையில், பணியில் சேர்ந்த பிறகு முதன்முறையாக, அம்மையார் அலுவலகம் வராமல் நேரே பள்ளிவாசலுக்குத் தொழச் சென்றார். தொழுகை முடிந்து கைப்பேசியைப் பார்த்தாராம், எவரும் அழைத்திருக்கவில்லை. அங்கேயே சற்று நேரம் அமர்ந்துவிட்டதாக மறுநாள் சொன்னார்.

சென்ற வாரம், நிரல் நின்றால் யாருக்குச் செய்தி போகவேண்டும் என்ற வரியைத் திறந்து, தம் பெயரைத் தம் கையாலேயே அழித்தார். "இனி யாரும் என்னை எழுப்ப மாட்டீங்க, இல்ல?" என்று கேட்டார். டெரன்ஸ் அந்த இடத்தில் தம் பெயரைத் தட்டெழுதினார்.

அம்மையாரே, அந்த ஒரு வரியிலிருந்துதான் உங்கள் பெயர் போயிருக்கிறது. உங்களை நாங்கள் அழைப்போம்; பிறந்தநாளுக்கு, தேநீருக்கு, காரணமே இல்லாமலும் அழைப்போம். நோயின்றி, நெடுநாள், விரும்பிய மட்டும் உறங்கி எழுந்து, உற்றார் சூழ இனிது வாழ்க.

நன்றி மறவாத,
புள்ளியியல், கணினிப் பிரிவினரும்
நிலையத் தாதியரும்