பேர் எழுத வேண்டாம்

— அல்லா மேல ஆணையா நான் எழுதல, விஜயலக்ஷ்மி மேடம்.

— மெதுவாப் பேசு சகினா. இந்த ஆபீஸ்ல பீரோவுக்கும் காது முளைச்சிருக்கு. நீ எழுதலைன்னா வேற யார் எழுதுவா? ‘டிபன் ரூம்ல ஒருத்திக்கு மட்டும் தனி டம்ளர்’னு எழுதியிருக்கு. தனி டம்ளர் உனக்குத்தானே?

— பேர் எழுத வேணாம், மனசுல உள்ளதை எழுதுங்கன்னுதானே ஹெட் ஆபீஸ்ல ஃபாரம் குடுத்தாங்க? இப்ப எதுக்கு யாருன்னு தேடுறாங்க?

— ‘ஊழியர்கள் எல்லாரும் சமமா நடத்தப்படறாளா’ன்னு கேட்டா, ‘ஆமாம்’னு எழுதிட்டுப் போகணும். நாப்பது பேர் அப்படித்தான் எழுதினா. இது ஒண்ணுதான் வேற மாதிரி. மேனேஜர் சாருக்கு மூஞ்சியே செவந்துடுத்து.

— நானும் ‘ஆமாம்’னுதான் எழுதினேன். எனக்கு வேலை வேணும்.

— போகட்டும். நீதான்னு ஒத்துண்டு ஒரு மன்னிப்புக் கடுதாசி குடுத்துடேன். அதோட விட்டுடுவார்.

— செய்யாததுக்கு மன்னிப்பா? ஆமா, அதுல இருந்த வரியெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?

— சார் படிச்சுக் காட்டினார். எழுதினவா மனசை என்ன உறுத்தித்தோ, பாவம்.

— உறுத்தினா வந்து சொல்லட்டுமே. நான் ஏன் மாட்டணும்?

— மேடம்...

— என்ன அம்மாசி? கதவைத் தட்டிட்டு வரப்படாதா?

— சார் கேட்டுக்கினு கீறாரு மேடம். சகினாம்மாவ திருவள்ளூருக்கு மாத்தி ஆர்டர் டைப் ஆயிடுச்சு. கையெழுத்து போடறதுக்கு மின்னாடி இவங்க பதில் கையில இருக்கணுமாம்.

— வரோம், நீ போ.

— திருவள்ளூரா! இந்த மாம்பலத்துலருந்து வீட்டுக்குப் போறதுக்கே ஆறரை ஆயிடுது, அதுவரைக்கும் எம் பொண்ணு இஃப்ரா பக்கத்து வீட்டு வாசல்ல குந்திக்கினு இருக்கா. அவ அப்பா இருந்தாலாவது பரவால்ல...

— அதான் சொல்றேன், கடுதாசியைக் குடு.

— குடுத்தா காலத்துக்கும் நான்தான் கோள் சொன்னவ. மூணு வருஷமா அந்த டம்ளர்ல குடிக்கிறேன், வாயத் தொறந்தேனா? அதைத் தனியா எடுத்து வெச்சதே நீங்க. உங்களையே ஒரு வார்த்தை கேக்காதவ, பேப்பர்லயா எழுதுவேன்?

— அதை... அதை ஏன் இப்போ இழுக்கற?

— நான் சார்கிட்டயே போறேன் மேடம். நாப்பத்தோரு பேரும் அவர் முன்னாடி உக்காந்து அதே வரியை எழுதிக் காட்டட்டும். யாருன்னு எழுத்தே காட்டிக் குடுத்துடும்.

— நில்லு சகினா! போகாதே. எழுதச் சொன்னா நான்னா மாட்டிப்பேன்.