கிணற்றுத் தண்ணீரும் பம்புத் தண்ணீரும்

— டம்ளரைக் கையில வாங்கிக்கோங்கோ ஒச்சாயி. எதுக்கு ரெண்டு கையையும் ஏந்தறேள்?

— பழக்கம் தாயி. மேலத்தெருவுல ஒசக்க நின்னு ஊத்துவாக, நாங்க குனிஞ்சு குடிப்போம். நீங்க எடுத்த பம்புத் தண்ணி, நான் கொண்டாந்த கெணத்துத் தண்ணி, ரெண்டு பாட்டிலையும் பாத்துட்டீகளா?

— பார்த்தாச்சு. இந்த லேப்ல நான்தான் டெஸ்ட் பண்ணினேன்.

— எம் மக எந்தப் பாட்டில்ல இருக்கா?

— என்ன கேக்கறேள்?

— முனியாயி. அவ தண்ணியில எறங்கித்தான் மேலத்தெருப் பிள்ளைக பல்லெல்லாம் காவியேறிப் போச்சுங்கிறாக. அந்தத் தெரு சிவனாண்டி பேரன் முட்டி வளைஞ்சு நடக்க மாட்டாமக் கெடக்கான். அதான் கேக்குறேன். இருக்காளா இல்லையா, ஒரு வார்த்தை சொல்லுங்க.

— இதோ பாருங்கோ, ரெண்டுலயும் யாரும் இல்லை. அன்னிக்கு நான் ஜீப்புல வந்தப்போ, மூடிக் கிடக்கற கெணத்துலேந்தும் ஒரு பாட்டில் வேணும்னு கேட்டேன். ஊர்ல ஒருத்தரும் கிட்டப் போகலை, நீங்கதான் எடுத்துண்டு வந்திருக்கேள். அங்க என்னதான் நடந்தது?

— பத்து வருசத்துக்கு முந்தி ஒரு கோடையில ஊருணி வத்திப்போச்சு தாயி. எங்க கீழத்தெருவுக்கு அது ஒண்ணுதான். அது வத்துனா மேலத்தெருக் கெணத்தடியில கொடத்த வச்சுட்டு, யாராச்சும் எறைச்சு ஊத்துவாகளான்னு நிக்கணும். அன்னைக்குப் பொழுதுக்கும் ஒருத்தரும் ஊத்தல. புள்ள பொறுக்கமாட்டாம, தானே படியில எறங்கிட்டா. மேல நின்னு கல்லெறிஞ்சாக.

— கடவுளே. போலீஸ் வரலையா?

— வந்தாக. கால் வழுக்கி விழுந்துட்டான்னு எழுதிட்டுப் போனாக. அப்பறம் கெணத்து மேல முள்ள வெட்டிப் போட்டு மூடிட்டு, சர்க்கார்ல சொல்லி அவுக தெருவுல ஆழமா போர் போட்டு பம்பு வச்சுக்கிட்டாக. அதையும் நாங்க தொடக் கூடாது. இன்னமும் ஊருணித் தண்ணிதான். எங்க பிள்ளைக பல்லு பச்சரிசி கணக்கா இருக்கு. அத வச்சுத்தான் அவுகளுக்கு உறுதியாப் போச்சு. தன் சனத்த விட்டுட்டு மேலத்தெருவ மட்டும் பிடிக்கிறாங்கிறாக. உச்சி மத்தியானத்துல கெணத்துக்குள்ள கொடம் இடிக்கிற சத்தம் கேக்குதாம்.

— உங்களுக்குக் கேட்டிருக்கா?

— கேக்கணும்னுதான் தெனம் போயி நிக்கிறேன். எனக்குக் கேக்க மாட்டேங்குது தாயி.

— உக்காருங்கோ. இன்னும் கொஞ்சம் தண்ணி குடிங்கோ.

— மேலத்தெருப் பெரியவரு மொக்கைச்சாமி, கல்லெறிஞ்சவுகள்ல அவரும் ஒருத்தரு, எங்க குடிசை வாசலுக்கே வந்துட்டாரு. உம் மக என்ன கேக்குறான்னு வெள்ளிக்கிழமை கூட்டத்துல வந்து சொல்லு ஆத்தா, எது கேட்டாலும் குடுத்துர்றோம்ங்கிறாரு. அவ அங்க இல்லேன்னா நான் என்னத்தப் போயிச் சொல்ல?

— நான் சொல்றேன், கேளுங்கோ. பித்தளைச் சொம்புல மோரை ஊத்தி வெச்சா என்ன ஆகும்?

— களிம்பேறும்.

— அந்த போர்லயும் அப்படித்தான் ஆயிருக்கு. அவ்வளவு ஆழத்துல, பாறை இடுக்குல, தண்ணி வருஷக்கணக்கா நிக்கறது. நிக்க நிக்கப் பாறையைக் கொஞ்சம் கொஞ்சமா அரிச்சு எடுத்துக்கறது. அதுல ஃபுளோரைடுன்னு ஒரு உப்பு தண்ணியில எறங்கிடறது. கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. காய்ச்சினாலும் போகாது. பல்லு உருவாகற வயசுல குடிச்சா கறை. விடாமக் குடிச்சிண்டே இருந்தா எலும்பைப் பிடிச்சுடும்.

— கெணத்துத் தண்ணி?

— அது மேலாப்புல ஊறற தண்ணி. கம்மாய் நிறைஞ்சா புதுத் தண்ணி வந்துடும், பாறையோட ரொம்ப நாள் கிடக்கறதில்லை. அதுல அந்த உப்பு ரொம்பக் கம்மி. தூர் வாரி, மருந்து போட்டுட்டா தாராளமாக் குடிக்கலாம்.

— அப்ப எம் மக யாரையும் ஒண்ணும் செய்யல.

— செய்யலை ஒச்சாயி. பாறை செஞ்சது. வெள்ளிக்கிழமை நானே வரேன். பேயுமில்லை சாபமுமில்லை, பாறைதான்னு எடுத்துச் சொல்றேன். பம்பை நிறுத்திட்டுக் கெணத்தைத் திறங்கோங்கறேன். அவாளுக்கும் பயம் தெளிஞ்சுடும்.

— தெளிஞ்சுரும். தெளிஞ்சு கெணத்தத் தொறப்பாக. அவுகளுக்கு மட்டும்.

— அப்போ உங்களுக்கு?

— நாங்க மறுபடி கொடத்த வச்சுட்டுக் கையேந்தி நிக்கணும். வேணாம் தாயி. பம்புத் தண்ணி ஆகாதுன்னு சொல்லுங்க, கெணத்துத் தண்ணி நல்ல தண்ணின்னு சொல்லுங்க. பிள்ளைக யாரு பிள்ளைகளா இருந்தா என்ன, பொழைக்கட்டும். பாறைய மட்டும் சொல்லிராதீக. ரெண்டு தெருவும் ஒண்ணா நின்னு எறைச்சாத்தான் அவ ஆத்திரம் அடங்கும்னு நான் சொல்லிக்கிறேன்.

— அது பொய்யில்லையா? நான் படிச்ச படிப்புக்கு, ஊர் நடுவுல நின்னுண்டு எப்படி வாயை மூடிண்டு இருக்கறது?

— அவ வழுக்கி விழுந்தான்னு எழுதினவுகளும் படிச்சவுகதான்.

— சரி. ஏன் பம்புத் தண்ணி ஆகாதுன்னு யாராவது கேட்டா?

— என்னயக் கை காட்டுங்க. உசுரோட இருந்தப்ப ஒரு கொடம் தண்ணி கேட்டா, கல்லெறிஞ்சாக. இப்பப் பேயா நின்னு கேக்குறா, குடுக்கப் போறாக. அந்தப் பேயை மட்டும் கொன்னுராதீக தாயி.