இருக்கியா?

ராத்திரி எட்டரை இருக்கும். லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து பழவேற்காட்டுக்கு வரும் பாலம். ஆள் நடமாட்டம் இல்லை. கீழே ஏரி... சேற்று நாற்றம். ஒரே ஒரு பைக். ஓட்டியவர் தருமலிங்கம். பின்னால் உட்கார்ந்திருந்தவன் ஜோஷ்வா, என்னோடு படித்த ரோஸ்மேரியின் தம்பி. அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சுரேஷ், அந்த டார்ச்சை அணை. கிட்டே வந்து உட்கார்.

தருமலிங்கம் சென்னையிலிருந்து வந்து நம் சமுதாய ரேடியோவை நடத்தியவர். கதர் ஜிப்பா, சேறு படாத செருப்பு. மூச்சுக்கு மூச்சு ‘மக்களின் குரல்’ என்பார். மக்கள் பேச ஆரம்பித்தால் வாட்சைப் பார்ப்பார். நண்டு விலை, காற்று நிலவரம், ரேஷன் கடைச் சேதி எல்லாம் சரண்யா வாசிப்பாள். அதற்காகத்தான் ஊரே ரேடியோ கேட்டது. மேடை ஏறி மாலை வாங்கிக்கொண்டவர் மட்டும் இவர்.

கையால் தடவி இறால் பிடிக்கும் தேவகியை ஒருநாள் பேசக் கூப்பிட்டார். அவள் போனது ஒரே காரணத்துக்கு. மகள் சுபஸ்ரீக்கு இருளர் என்று சாதிச் சான்றிதழ் கிடைக்கவில்லை. அது இல்லாமல் ஹாஸ்டலில் இடம் இல்லை. அழுதுகொண்டே அதைச் சொன்னாள். கேட்டு முடித்துவிட்டு இவர், “தண்ணிக்குள்ள ஒருத்தரை ஒருத்தர் எப்படிம்மா கூப்பிடுவீங்க?” என்றாராம்.

இருட்டிவிட்டால் தண்ணீரில் முகம் தெரியாது. ஒருத்தி “இருக்கியா...?” என்பாள். மற்றவள் “இருக்கேன்” என்று சொல்லிக்கொண்டே கூப்பிட்ட பக்கம் நகர்வாள். பதில் வராவிட்டால் பள்ளத்தில் போய்விட்டாள் என்று தேடுவார்கள். தேவகி ஒருமுறை கூப்பிட்டுக் காட்டினாள்.

அந்த மகானுபாவர் பேச்சு முழுவதையும் வெட்டி எறிந்துவிட்டு, அந்தக் கூப்பாட்டை மட்டும் வைத்துக்கொண்டார். தினமும் மாலை ஒலிபரப்பு தொடங்குவதே அதில்தான். அதற்கு ஒரு விருதும் வாங்கினார்.

அடுத்த மழைக்காலத்தில் தேவகி முகத்துவாரத்துப் பக்கம் பள்ளத்தில் போய்விட்டாள். குரல் நிற்கவில்லை. கரையில், டீக்கடை ஸ்பீக்கரில்... தினமும்.

ஒரு மாலை, இறால் தடவிக்கொண்டிருந்த சுபஸ்ரீ சட்டென்று நிமிர்ந்தாள். “இருக்கேன்மா” என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். டீக்கடைப் பக்கம் அல்ல... ஆழத்தின் பக்கம். பெண்கள் தலைமுடியைப் பிடித்து இழுத்துவந்தார்கள்.

மறுநாள் தேவகியின் தங்கை ஜமுனா ரேடியோ ஸ்டேஷனுக்குப் போனாள்.

“சார், எங்க அக்கா கொரலை நிறுத்திடு சார். பொண்ணு பூடும்.”

“அது நம்ம ஸ்டேஷனோட அடையாளம்மா. மூடநம்பிக்கைக்கெல்லாம் இடம் குடுக்க முடியாது.”

“அடையாளமா? அவ அழுதுகினே சொன்னாளே சர்டிபிகேட்டு... அத்த இன்னா பண்ண நீ?”

அவள் அழுவதையும் ரெக்கார்ட் பண்ணச் சொல்லி, அங்கே ரெக்கார்டிங் வேலை பார்த்த ஜோஷ்வாவுக்குக் கண் காட்டினாராம். உணர்ச்சி நன்றாக வருகிறதாம். தூ! என்ன ஜென்மமோ.

அன்று ராத்திரிதான் அந்தப் பாலம்.

நடுவில் பைக் தானாக நின்றது. தவளைச் சத்தம்கூட இல்லை. ஜோஷ்வாவுக்கு முதலில் வாடைதான் தெரிந்தது. ஈரத்துணி... பச்சை இறால். அப்புறம் கீழே, தண்ணீரிலிருந்து...

“இருக்கியா...?”

ஒலிபரப்பு எப்போதோ முடிந்துவிட்டது. பக்கத்தில் ரேடியோவும் இல்லை.

“யார்ரா அது? மைக்கை எடு, சூப்பரா இருக்கு” என்று கைப்பிடிச் சுவரோரம் போனார் தருமலிங்கம். ஜோஷ்வா நம் ஊர்ப் பையன். “சார், பதில் மட்டும் சொல்லிடாதீங்க சார்” என்று ஜிப்பாவைப் பிடித்து இழுத்தான்.

மறுபடியும்... “இருக்கியா...?”

அந்த ஆளுக்கு வாயை மூடிக் கேட்டுப் பழக்கமே இல்லையே. “இருக்கேன்” என்றார்.

விழுந்த சத்தம் கேட்கவில்லையாம். ஜோஷ்வாவின் கையில் பிடித்த துணி இல்லை. எதிரே செருப்பு மட்டும் கிடந்தது. அதில் விளிம்பு வரைக்கும் சேறு.

உடல் கிடைக்கவில்லை. விடிந்ததும் ஜோஷ்வா ஓடிப்போய் அந்தக் கூப்பாட்டைக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்தான். நகல் இருந்த பென்டிரைவைக் கல்லால் நசுக்கினான். இனி சரண்யாவின் வணக்கத்தோடு தொடங்கினால் போதும் என்று முடிவு செய்தார்கள்.

மாலையில் டீக்கடை ஸ்பீக்கர் கரகரத்தது. தண்ணீரில் நின்ற பெண்கள் சுபஸ்ரீயின் வாயைப் பொத்திப் பிடித்துக்கொண்டார்கள்.

“இருக்கியா...?”

சுபஸ்ரீ பதில் சொல்லவில்லை. ஸ்பீக்கரிலேயே பதில் வந்தது. வாய் நிறையத் தண்ணீரோடு, ஓர் ஆண் குரல்...

“இருக்கேன்.”