உட்கார்ந்து பேசச் சொன்ன செலினா

மேடையில் அமர்ந்திருக்கும் அருட்தந்தை அவர்களே, தோட்டத்துத் துரை அவர்களே, சங்கத்துத் தலைவர்களே, ஓப்பநாயக்கவிலிருந்து கடையைச் சாத்திவிட்டு வந்திருக்கும் அஸீஸ் நானா அவர்களே, என்னோடு கொழுந்தெடுத்த பெண்களே, எல்லோருக்கும் வணக்கம்.

என் மூத்த பேத்தி அனிற்றா தாதியர் படிப்பை முடித்து வேலைக்குப் போகிறாள். பேரன் எட்வின் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருக்கிறான். கடைக்குட்டி மாகாண ஓட்டப்போட்டியில் பதக்கம் வாங்கினாள். இதை இங்கே ஏன் சொல்கிறேன்? ஒவ்வொன்றையும் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் முதலில் போட்டவர் செலினா. "பெரியம்மா, இது பழைய படம். புதுசா ஒன்னு அனுப்புங்க, போட்டுர்றேன்" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். இனிக் கேட்கமாட்டார்.

நம் கீழ்ப்பிரிவு மாதர் தலைவி செலினா அம்மையார், போன வெள்ளிக்கிழமை தேயிலை மலையில் குளவி கொட்டி இறந்தார். குளவிக்கூட்டை அகற்றுங்கள், கொட்டுப்பட்டவரைக் கொண்டுபோக மலையடியில் ஒரு வாகனம் நிறுத்துங்கள் என்ற கோரிக்கையை எழுதியதே அவர்தான்!

முதல் பேச்சுவார்த்தை நினைவிருக்கிறதா? ஆபிசில் அன்றுதான் நமக்கு நாற்காலி போட்டார்கள். மழைக்கு ஒதுங்கக் கொட்டில் பேசியாயிற்று. மலையில் கக்கூஸ் பேசியாயிற்று. அடுத்தது குளவி. அந்நேரம் துரை போனைப் பார்த்தபடி எழுந்தார். துரை எழுந்தால் நாம் உட்கார்ந்திருப்போமா? பாட்டன் காலத்துப் பழக்கம்! அத்தனை பேரும் எழுந்து கை கட்டினோம். முதலில் எழுந்தவர் செலினா.

"அப்ப சரி, முடிஞ்சதுதானே?" என்றார் துரை. வெளியே வந்துவிட்டோம். குளவிப் பேச்சு பேசாமலே கிடந்தது.

படியிறங்கும்போது செலினா சொன்னார்: "பெரியம்மா, நம்மள வேற யாரும் தோக்கடிக்கல. நம்ம முட்டிதான் தோக்கடிச்சிருச்சு."

பிறகு இரத்தினபுரியில் சங்கம் நடத்திய பேச்சுவார்த்தை வகுப்புக்குப் போனார். படித்ததைத் தன்னோடு வைத்துக்கொண்டாரா? இல்லை! ஞாயிறுதோறும், நாம் மலைக்குப் போகையில் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில், குழந்தைகளின் குட்டி பெஞ்சுகளில் நம்மை உட்கார வைத்தார். கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை சும்மா இருக்கப் பழக்கினார். ஒன்று முடியாமல் அடுத்ததற்குத் தாவாதிருக்கப் பழக்கினார். நமக்குள் பேச அவகாசம் கேட்கப் பழக்கினார். துரையாக நடிக்க, பேரம் பேசியே பிழைக்கும் அஸீஸ் நானாவைக் கூட்டி வந்தார். நானா பாதியில் எழுந்து, "அஸர் தொழுகைக்கு நேரமாச்சு, போய்த்து வாறன்" என்றார். அத்தனை பேரும் எழுந்து வழியனுப்பினோம்!

"உக்காருங்கடி! அவரு தொழப் போறாரு, நீங்க எங்க போறீங்க?"

"ஏன்டி செலினா, முட்டி தானா எழும்புது, நான் என்ன பண்ண?" என்றேன்.

"முட்டிய வீட்டுல வச்சிட்டு வாங்க பெரியம்மா!"

நானா வாசலில் செருப்பைப் போட முடியாமல் சிரித்தார். இன்று அவர் தலை நிமிரவில்லை.

இரண்டாவது பேச்சுவார்த்தையிலும் துரை எழுந்தார். ஜன்னல் பக்கம் போனார். நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டோம். யாரும் எழவில்லை. "இன்னும் ஒன்னு இருக்குங்க துரை" என்றார் செலினா. துரை திரும்பி வந்து உட்கார்ந்தார்! கூட்டை அகற்றவும் வாகனம் நிறுத்தவும் ஒப்புக்கொண்டார். கையெழுத்து மட்டும் அடுத்த கூட்டத்தில் என்றார்.

அந்தக் கூட்டம் நாளை மறுநாள். குளவி அதுவரை பொறுக்கவில்லை.

கம்பளியில் கிடத்தித் தூக்கி வந்தோம். மலையடியில் வாகனம் இல்லை. கொழுந்து லொறி வருமுன்னே என் மடியில் உயிர் போய்விட்டது. வீங்கிப்போன அந்த முகத்தைப் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியவில்லை. கடைசியாக ஒரு படம் எடுக்கவும் மனம் வரவில்லை. அதனால்தான் இந்தப் பதாகையில் பழைய படம்.

சற்றுமுன் துரை இந்த மண்டபத்துக்குள் வந்தபோது நாம் என்ன செய்தோம்? எழுந்தோம்! செலினாவின் படத்துக்கு முன்னாலேயே எழுந்தோம்!

துரை அவர்களே, வந்ததற்கு நன்றி. நாளை மறுநாள் நாங்கள் வருகிறோம். முதல் பேச்சு குளவி. கையெழுத்து விழும்வரை வேறு பேச்சில்லை. செலினாவின் நாற்காலியில் நான் உட்காருவேன்.

இனி மௌன அஞ்சலி. எழுந்து நிற்பதுதான் முறை, எனக்குத் தெரியும். ஃபாதர், மன்னித்துக்கொள்ளுங்கள். செலினாவுக்காக இன்று யாரும் எழ வேண்டாம். அப்படியே உட்கார்ந்திருங்கள்.