நான்காம் மாடி கோப்பறையை நான் பூட்டியது

எனது பெயரும் தந்தை பெயரும் முதல் தாளில் எழுதியுள்ளபடி சரி. வயது நாற்பத்து மூன்று. பேருந்துப் பணிமனைக்குப் பின்னால் உள்ள மூன்றடுக்குக் குடியிருப்பில், இரண்டாம் மாடி, கடைசி வீட்டில் கணவருடனும் மகளுடனும் வசித்து வருகிறேன். அலுவலகக் கட்டடங்களைச் சுத்தம் செய்து கொடுக்கும் ஒரு காண்ட்ராக்டரிடம் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறேன். கடைசி ஆறு வருடமாக சூப்பர்வைசர். எல்லா அறைகளின் சாவியும் என் இடுப்பில் தொங்குவதால் வேலையிடத்தில் என்னைக் கொத்துச்சாவி என்று கூப்பிடுவார்கள். இதையும் எழுதிக்கொள்ளும்படி நானே கேட்டேன். சாவி யாரிடம் இருந்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் வர வேண்டாம்.

இறந்துபோனவள் என் கணவரின் தங்கை, எனக்கு நாத்தனார். வயது முப்பத்தாறு. புருஷன் விட்டுப் போன பிறகு, பள்ளியில் படிக்கும் மகளுடன் எங்கள் எதிர் வீட்டில் இருந்தாள். நான்கு வருடங்களுக்கு முன்பு அவளை இந்த வேலையில் சேர்த்துவிட்டது நான்தான்.

மழைக்காலம் முடிந்ததும் அலுவலகங்களில் பெரிய சுத்தம் நடக்கும். கட்டடத்தை மூன்று நாள் மூடிவிட்டு, கம்பளத்தில் ஏறிய பூஞ்சை, ஏசி குழாய்க்குள் படிந்த தூசி, தரையில் அடை அடையாகச் சேர்ந்த பழைய மெழுகு எல்லாவற்றையும் எடுப்போம். இந்தக் கட்டடத்துக்கு ஏழு மாடி. போன வருடம் ஐந்து நாள் கொடுத்தார்கள், இந்த வருடம் மூன்று நாள்தான். நாங்கள் பெண்கள் பதினான்கு பேர், தரை தேய்க்கும் மெஷினை ஓட்டுகிறவர் ஒருவர், ஆக மொத்தம் பதினைந்து பேர். காலையில் உள்ளே போகும்போதே எங்கள் செல்போன்களை செக்யூரிட்டி ஒரு தட்டில் வாங்கி வைத்துக்கொள்வார். திருட்டைத் தடுக்க என்று சொல்வார்கள். செல்போனை வாங்கி வைத்துவிட்டால் திருட்டு எப்படி நிற்கும் என்று நான் கேட்டதில்லை.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. மெழுகு உரித்த ஈரத் தரையில் செருப்புக் கால் பட்டால் கறுப்புத் தடம் விழும். அதனால் எந்த அறைக்குள் போனாலும் செருப்பை வாசலில் விட்டுத்தான் போவோம். அறையைப் பூட்டுவதற்கு முன் வாசலைப் பார்ப்பேன். செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் இருக்கிறது, குரல் கொடுப்பேன். செருப்பு இல்லை என்றால் ஆள் இல்லை, பூட்டிவிடுவேன். பத்தொன்பது வருடத்தில் இது ஒரு தடவை கூடத் தப்பியதில்லை. எந்தச் செருப்பு யாருடையது என்பதும் எனக்குத் தெரியும். நாத்தனாரின் செருப்பில் வார் அறுந்து கம்பி போட்டுத் தைத்திருக்கும். மெஷின்காரர் அதைப் பார்த்து, "இது செருப்பா, கரண்டு கம்பமா?" என்று கேலி செய்வார். "உங்க மெஷினை விட இது நல்லா ஓடுதுண்ணே" என்பாள் அவள்.

நேற்று இரண்டாம் நாள். காலை பதினோரு மணிக்கு நாத்தனாரை நான்காம் மாடி கோப்பறைக்கு நான் அனுப்பினேன். அவளாகப் போகவில்லை. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. கூரை வரை உயர்ந்த இரும்பு அலமாரிகள் எட்டு வரிசை. தீப்பிடித்தாலும் தாங்கக்கூடிய கனமான கதவு, வெளியே சாவி போட்டுவிட்டால் உள்ளிருந்து திறக்க முடியாது. குழாய் சுத்தம் செய்வதற்காக ஏசியை நிறுத்தியிருந்தார்கள். மெழுகு உரிக்கும் திரவத்தை நாங்கள் மருந்து என்றுதான் சொல்வோம். வழக்கமாக ஒரு பங்கு மருந்துக்கு நாலு பங்கு தண்ணீர் கலப்போம். இந்தத் தடவை லேபிள் இல்லாத வேறு டிரம் வந்திருந்தது. நாள் குறைவு, பாதிக்குப் பாதி கலந்தால் போதும் என்று காண்ட்ராக்டர் சொன்னார், அப்படியே கலந்தேன். வடிகட்டி வைத்த முகமூடி பதினைந்து பேருக்கு நாலுதான் இருந்தது. நாலும் குழாய் வேலைக்குப் போய்விட்டது. நாத்தனார் துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டாள். "கண்ணு எரியுது அண்ணி" என்று ஒரு தடவை வெளியே வந்து சொன்னாள். கதவைத் திறந்தே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு நான் ஐந்தாம் மாடிக்குப் போனேன்.

அதன் பிறகு பிற்பகல் ஒன்றே முக்கால் மணிக்குக் கட்டடத்தின் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். முதலாளி விருந்தினர்களோடு மூன்று மணிக்கு வருகிறார், நான்காம் மாடியை வாடகைக்குக் காட்டப் போகிறார் என்றார். நடைபாதையில் கிடந்த செருப்புகளைக் காட்டி, "இது ஆபீஸா, பொதுக் கக்கூஸ் வாசலா? முதல்ல இதை அள்ளு" என்றார். விளக்கு எல்லாம் எரிய வேண்டும், மருந்து வாடை வரும் அறைகளைச் சாத்திப் பூட்ட வேண்டும், எங்கள் ஆட்கள் யாரும் கண்ணில் படக்கூடாது என்றும் சொன்னார். நான் மெஷின்காரரிடம் ஒரு கறுப்புக் குப்பைப் பையைக் கொடுத்து நான்காம் மாடியில் உள்ள செருப்புகளை எல்லாம் அள்ளச் சொன்னேன். அவர் அள்ளிக் கட்டி கீழ்த்தளத்தில் கொண்டுபோய் வைத்தார். இதில் அவர் மேல் தப்பு எதுவும் இல்லை.

அதன் பிறகு ஆட்களை அவசரமாகக் கிளப்பினோம். பாதிப் பேரைக் கீழ்த்தளத்துக்கும் பாதிப் பேரை மொட்டைமாடிக்கும் அனுப்பச் சொல்லி மேனேஜர் பின்னாலேயே நின்று விரட்டினார். நாத்தனாரும் அந்தக் கூட்டத்தோடு கிளம்பியிருப்பாள் என்று இருந்துவிட்டேன். அதன் பிறகு இரண்டு இருபது மணிக்கு நான் நான்காம் மாடிக்கு வந்து ஒவ்வொரு கதவாகப் பூட்டினேன். கோப்பறைக்கு வந்தேன். கதவு திறந்திருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது, எல்லா அறையிலும் எரிந்தது. முன்னால் நின்று பார்த்தால் முதல் அலமாரி மட்டும்தான் தெரியும். நடைபாதையில் குழாய்த் தூசி உறிஞ்சும் மெஷின் கடைசி நிமிடம் வரை இரைந்துகொண்டிருந்தது. நான் வாசலைப் பார்த்தேன். செருப்பு இல்லை. பூட்டினேன்.

செருப்பை அள்ளச் சொன்னதே நீதானே, அரை மணி நேரத்தில் எப்படி மறந்தாய் என்று இங்கே காவல் நிலையத்தில் கேட்டார்கள். மறக்கவில்லை. அள்ளியது ஞாபகத்தில் இருந்தது. கண் மட்டும் பழைய கணக்கில் பார்த்தது. கை பூட்டிவிட்டது. குரல் கொடுத்தாயா என்று கேட்டார்கள். கொடுக்கவில்லை.

அதன் பிறகு நான் கீழ்த்தளத்தில் இருந்தேன். நாத்தனாரைக் காணவில்லை என்று கவனித்தேன். மொட்டைமாடிக் கூட்டத்தில் இருப்பாள் என்று பக்கத்தில் இருந்தவள் சொன்னாள், நானும் அப்படியே நினைத்தேன். மொட்டைமாடியில் இருந்தவர்கள் அவள் என்னோடு இருப்பதாக நினைத்திருக்கிறார்கள். போனில் கேட்கலாம் என்றால் போன்கள் தட்டில் இருந்தன. மேலே போய்ப் பார்க்கலாம் என்று படியேறினேன். முதலாளி லிஃப்டில் இருக்கிறார், உட்காரு என்று செக்யூரிட்டி திருப்பி அனுப்பினார். நானும் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று மணியிலிருந்து நாலேகால் மணி வரை நான்காம் மாடி நடைபாதையில் எங்கள் ஆட்களில் ஒருவரும் இல்லை. முதலாளி, மேனேஜர், விருந்தினர் ஐந்து பேர் இருந்தார்கள். மெஷின் எதுவும் ஓடவில்லை. அந்த நேரத்தில் கதவு தட்டும் சத்தம் கேட்டதா என்று அவர்கள் ஏழு பேரையும் விசாரிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பிறகு நாலு நாற்பது மணிக்கு எல்லோரும் கீழ்த்தளத்தில் கூடினோம். மெஷின்காரர் பையைத் தரையில் கவிழ்த்தார். ஆளுக்கு ஆள் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார்கள், ஒருத்தி மாற்றிப் போட்டுவிட்டாள் என்று சிரிப்பும் நடந்தது. கடைசியில் கம்பி போட்டுத் தைத்த ஜோடி மட்டும் தரையில் கிடந்தது. மெஷின்காரர் என் முகத்தைப் பார்த்தார். "எங்க பூட்டின?" என்று கேட்டார்.

நான்காம் மாடிக்கு ஓடிப்போய்த் திறந்தோம். கதவு பாதிக்கு மேல் திறக்கவில்லை, அவள் கதவை ஒட்டி விழுந்து கிடந்தாள். மெஷின்காரர் தூக்கி நடைபாதையில் கிடத்தினார். மூச்சு இல்லை. ஆம்புலன்ஸ் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், இறந்து வெகு நேரம் ஆகிவிட்டது என்று டாக்டர் சொன்னார்.

அதன் பிறகு மாலை ஏழு மணிக்குக் காண்ட்ராக்டர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். என்னை மருந்துக் கடை ஓரமாகத் தனியே கூட்டிப்போனார். கையில் டைப் அடித்த தாள் இருந்தது. "சாவி உன்கிட்ட இருந்துச்சு, பூட்டினது நீ. அவ சொல்லாம கொள்ளாம தூங்கப் போனான்னு இருந்தா இது விபத்தோட போயிடும். இல்லன்னா நீதான் உள்ள போகணும். வீட்டுல வயசுப் பொண்ணு இருக்கு, யோசிச்சுக்க" என்றார். என் மகளுக்கு அவர் அலுவலகத்தில் உட்கார்ந்து பார்க்கும் வேலை தருவதாகவும் சொன்னார். நான் கையெழுத்துப் போட்டேன். இந்த நிலையத்துக்கு நேற்றிரவு வந்து சேர்ந்த தாள் அதுதான். அதில் இருப்பது பொய்.

அதன் பிறகு வீட்டுக்குப் போனேன். எனக்கு முன்னாலேயே காண்ட்ராக்டர் என் கணவருக்குப் போன் செய்து சொல்லியிருந்தார். கணவர் அழவில்லை. "என் தங்கச்சி வேலை நேரத்துல படுத்துத் தூங்குனாளா? நீ பார்த்தியா?" என்று கேட்டார். நாத்தனாரின் மகள் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். "அம்மா வீட்டுலயே பகல்ல தூங்காது அத்தை" என்றாள்.

இன்று காலை எட்டு மணிக்கு அடையாளம் காட்டப் பிணவறைக்குப் போனேன். நாத்தனாரின் இரண்டு முழங்காலிலும் தோல் வெந்து உரிந்திருந்தது. மருந்துத் தரையில் மண்டியிட்டுச் சுரண்டுகிறவர்களுக்கு அப்படித்தான் இருக்கும், எனக்கும் இருக்கிறது. வலது கை விரல் மூட்டுகள் நாலும் வீங்கி, ரத்தம் கட்டியிருந்தது. அது சுரண்டுவதால் வருவதில்லை.

நான் பார்த்த இன்னொன்றையும் எழுதிக்கொள்ள வேண்டும். தரை உரிக்கும்போது கடைசிச் சுவரில் ஆரம்பித்துப் பின்னாலேயே வந்து வாசலில் முடிப்போம். பதினோரு மணிக்கு ஆரம்பித்தவள் வேலை செய்யும் வேகத்துக்கு, நான் பூட்டியபோது வாசல் பக்கத்து இரண்டு வரிசையாவது பாக்கி இருந்திருக்க வேண்டும். கதவைத் திறந்தபோது எட்டு வரிசையும் முடிந்திருந்தது. வாசற்படி வரை ஒரு பொட்டு மெழுகு இல்லை. வாளி சுவரோரம் நகர்த்தி வைக்கப்பட்டிருந்தது. துணி பிழிந்து, மடித்து, அதன் விளிம்பில் போடப்பட்டிருந்தது. அவள் வேலையை முழுதாக முடித்துவிட்டுத்தான் கதவைத் தொட்டிருக்கிறாள். தூங்கப் போனவள் தரையை முடிக்க மாட்டாள்.

ஆம்புலன்ஸ் போன பிறகு, ஐந்தரை மணிக்கு, மேனேஜர் அந்த மாடியின் வேலைப் பட்டியலில் கோப்பறைக்கு நேரே "முடிந்தது, திருப்தி" என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார். அந்தப் பட்டியலை மெஷின்காரர் எடுத்து வைத்திருந்து இன்று காலை என்னிடம் கொடுத்தார். அதை இத்துடன் ஒப்படைக்கிறேன்.

இப்படிச் சொல்வதால் கவனக்குறைவாகப் பூட்டியதற்கு என் மேல்தான் முதலில் வழக்கு வரும், வேண்டுமானால் ஒரு நாள் யோசித்துவிட்டு வரலாம் என்று அதிகாரி எடுத்துச் சொன்னார். யோசித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். பூட்டியது நான். அதற்கு என்ன உண்டோ அது எனக்கு வரட்டும். லேபிள் இல்லாத டிரம்மை அனுப்பியவர், முகமூடி வாங்காதவர், செருப்பை அள்ளச் சொன்னவர், படியிலிருந்து திருப்பி அனுப்பியவர் பெயர்களும் என் பெயருக்குக் கீழே வரிசையாக வர வேண்டும். அவள் தூங்கவில்லை என்பது அவள் மகளுக்கு எழுத்தில் வேண்டும்.

இதை எனக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னதும் எழுதியிருப்பதும் ஒன்றுதான், அத்தனையும் உண்மை. இன்று என்னை யாரும் மிரட்டவில்லை, யாரும் ஆசை காட்டவில்லை. நேற்று இரண்டும் நடந்தன.

(ஒப்பம்)
வாக்குமூலம் கொடுத்தவர்