கோடாலிக்காரி செத்த ஞாயித்துக்கிழமை

கொழுந்தன்: ...அதுக்காக, கடை திறந்ததும் திறக்காததுமா வந்து நிப்பீங்களா அண்ணி? செவ்வாய்க்கிழமை காலைல?

அண்ணி: நிக்கல, உக்காந்துட்டேன். நீ பாட்டுக்கு அந்த மூக்குக்கண்ணாடிக்கு ஸ்க்ரூ முறுக்கு. வாய் மட்டும் பதில் சொல்லட்டும்.

கொழுந்தன்: என்ன பதில்? செத்துட்டா, அவ்வளவுதான். கதை ஆட்டம்னா நாலு பேரு சாகத்தான் செய்வாங்க.

அண்ணி: நாலு பேரு எங்கடா செத்தாங்க? ஒருத்திதானே செத்தா. என் கோடாலிக்காரி. நாலு வருஷம் தம்பி! மழைன்னு பாக்காம, காய்ச்சல்னு பாக்காம, ஞாயித்துக்கிழமையானா உன் கடைப் பின்ரூமுக்கு வந்து நான் வளத்தவ.

கொழுந்தன்: அது ஒரு தாள் அண்ணி. ஆட்டத்துக்கு நீங்க பென்சில்ல எழுதின தாள். பேரு, பலம், கோடாலி ஒண்ணு, கயிறு ஒண்ணு...

அண்ணி: உன் பூதம் மட்டும் என்னவாம்? அதுவும் வெறும் வாய்தானே. உன் வாயில இருந்து வந்த பூதம் அடிச்சு என் தாள் சாகலாம், ஆனா நான் வந்து ஏன்னு கேக்கக் கூடாதா?

கொழுந்தன்: கதை சொல்றவன் நான். பூதம் எங்க நிக்குது, யாரை அடிக்குதுன்னு மாஸ்டர்தான் சொல்லணும். மாஸ்டர் சொன்னா முடிவு.

அண்ணி: அடேயப்பா, மாஸ்டரு! வீட்ல ஒரு பல்பு மாத்தத் தெரியாது. ஞாயித்துக்கிழமை நாலு மணிநேரம் மட்டும் ராஜாவுக்கும் பூதத்துக்கும் இவருதான் படியளக்கிறாரு.

கொழுந்தன்: மெதுவா பேசுங்க. கஸ்டமர் வருவாங்க...

அண்ணி: வரட்டும், அவங்களையும் நியாயம் கேப்போம். கோடாலிக்காரி மயங்கிக் கிடக்கா. பக்கத்துலயே நம்மகூட ஆடுற எலக்ட்ரீஷியன் நிக்கிறான், மந்திரவாதியா. கையில மருந்துப் புட்டி. "வாயில ஊத்துறேன்"ங்கிறான். நீ என்ன சொன்ன?

கொழுந்தன்: முறைப்படி என்னவோ அதைச் சொன்னேன்.

அண்ணி: அதைத்தான் கேக்குறேன். என்ன முறை?

கொழுந்தன்: ...பையில இருந்து எடுக்க ஒரு சுத்து ஆட்டம். மூடியத் திறக்க ஒரு சுத்து. ஊத்துறதுக்கு ஒரு சுத்து. ஆக மூணு சுத்து.

அண்ணி: போன மாசம் பல் டாக்டர் ஆடுற திருடன் கிணத்துக்குள்ள கயித்துல தலைகீழாத் தொங்கினானே. தொங்கிக்கிட்டே அதே மருந்தை ஒரே சுத்துல குடிச்சானே. அப்ப மூடி எங்கடா போச்சு?

கொழுந்தன்: அது... வேற புட்டி.

அண்ணி: வேற புட்டியா! மூடியே இல்லாத புட்டி! தலைகீழாத் தொங்கியும் ஒரு சொட்டு சிந்தாத புட்டி!

கொழுந்தன்: சும்மா நக்கல் பண்ணாதீங்க அண்ணி. டாக்டர் முதல்லயே சொல்லி வச்சிருந்தாரு, புட்டியைக் கையிலயே வச்சிருக்கேன்னு.

அண்ணி: ஒரு கையில கயிறு, ஒரு கையில கத்தி, இன்னொரு கையில புட்டி. பெரிய மனுஷனுக்கு மூணு கை. அவரு கூட வர்றவங்க பையிலயே கை விட்டுத் திருடினாலும் நீங்கள்லாம் விழுந்து விழுந்து சிரிப்பீங்க. எலக்ட்ரீஷியன் கதவைப் பாத்தா கொளுத்தவாங்கிறான், மரத்தைப் பாத்தா கொளுத்தவாங்கிறான். போன தடவை நாங்க ஏறி நின்ன பாலத்தையே கொளுத்திட்டான். அதுக்கும் "கொளுத்து"ன்னு தலையாட்டின. நான் ஒருத்தி வாயத் திறந்தாத்தான் உனக்கு முறை ஞாபகம் வருது.

கொழுந்தன்: நீங்க வாயத் திறந்தா ஒழுங்காவா திறக்குறீங்க? பக்கம் நம்பரோடதானே திறக்குறீங்க.

அண்ணி: நல்ல வேளை, ஞாபகப்படுத்தின. பக்கம் நூத்திப் பதினேழு. உயிர்ப் பகடைய யாரு உருட்டணும்?

கொழுந்தன்: சரி சரி... விதிப் புத்தகத்தையெல்லாம் இப்ப எடுக்க வேணாம்.

அண்ணி: எடுக்கல. யாரு உருட்டணும், அதைச் சொல்லு.

கொழுந்தன்: சாகக் கிடக்கிறவங்க.

அண்ணி: நாலு வருஷமா அப்படித்தானே உருட்டினோம்? அவங்கவங்க உயிர் அவங்கவங்க கையில. இருபது முகப் பகடையில பத்துக்கு மேல விழுந்தா மூச்சு திரும்பும். அன்னைக்கு மட்டும் என் கையில இருந்த பகடையப் பிடுங்கி, உன் முன்னால நிறுத்தியிருக்கிற தடுப்பு அட்டைக்குப் பின்னால வச்சு நீ உருட்டின.

கொழுந்தன்: ஒரு... பதட்டம் இருக்கட்டுமேன்னுதான். கதைக்கு நல்லா இருக்கும்ல?

அண்ணி: என்ன விழுந்துச்சு?

கொழுந்தன்: அன்னைக்கே சொன்னேனே, ரெண்டு.

அண்ணி: ரெண்டு?

கொழுந்தன்: ரெண்டு.

அண்ணி: பதினேழு.

கொழுந்தன்: ...என்னது?

அண்ணி: ஸ்க்ரூ கீழ விழுந்துருச்சு பாரு, எடுத்துக்க. பின்ரூம்ல உன் நாற்காலிக்குப் பின்னால ஆளுயரக் கண்ணாடி ஒண்ணைச் சாச்சு வச்சிருக்கியே, கடைக்குள்ள எடமில்லன்னு. அதுல உன் அட்டைக்கு அந்தப் பக்கம் அப்படியே தெரியுது. நாலு வருஷமா அதுக்கு முதுகைக் காட்டியே உக்காந்திருக்க. பூனை கண்ணை மூடிக்கிட்டா பூலோகமே இருண்டு போச்சாம்.

கொழுந்தன்: கண்ணாடியில எல்லாம் திரும்பித் தெரியும் அண்ணி. நீங்க சரியா...

அண்ணி: எத்தனை திரும்பு திரும்பினாலும் பதினேழு ரெண்டாகாது தம்பி.

கொழுந்தன்: அப்பவே ஏன் சொல்லல?

அண்ணி: பக்கத்துல உக்காந்திருந்த டாக்டரும்தானே பாத்தாரு. அவரு சொல்லட்டும்னு காத்திருந்தேன். "அச்சச்சோ, பாவம்"னு சொல்லிட்டு, செத்தவ காலுல இருந்து பூட்ஸைக் கழட்டிக்கிட்டாரு. பனியில வழுக்காத பூட்ஸ்! அதுக்காக நான் எட்டு ஞாயித்துக்கிழமை மலை ஏறினேன்!

கொழுந்தன்: அண்ணி... உண்மையச் சொல்லிடுறேன். அண்ணன்தான் சொன்னாரு.

அண்ணி: யாரு? எங்க வீட்டுக்காரரா?

கொழுந்தன்: ஞாயித்துக்கிழமை நீங்க வீட்ல தங்குறதே இல்லையாம். அவளா வெறுத்துப்போய் நிறுத்துற மாதிரி ஏதாவது பண்ணுன்னாரு. நான் என்ன பண்ண முடியும்? கூடப் பிறந்தவரு...

அண்ணி: பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்டா. நான் செருப்பு மாட்டுறதுக்குள்ள அந்த மனுஷன் குறட்டை விட ஆரம்பிச்சிடுவாரு. வாரத்துல அந்த நாலு மணிநேரந்தான் அவருக்கு விடுதலை. அன்னைக்கு நான் அழுதுக்கிட்டே வீட்டுக்குப் போனதும் அவருக்கு முகமே வெளிறிப்போச்சு, எங்க இனிமே வீட்லயே இருந்துடுவேனோன்னு. "வேற ஒருத்திய எழுதிக்க, பென்சில் நான் வாங்கித் தர்றேன்"னு கெஞ்சுறாரு.

கொழுந்தன்: நீங்க... அழுதீங்களா?

அண்ணி: அழுதேன். சிரிக்கிறதுன்னா சிரிச்சுக்க. வீட்ல எனக்கு அடுப்படி, ஆஃபீஸ்ல சீல் குத்துற வேலை. ரெண்டு எடத்துலயும் யாராவது சொன்னாத்தான் எனக்குக் கை அசையும். இங்க மட்டுந்தான் கதவை எட்டி உதைச்சுத் திறந்தேன். அது ஒண்ணுதான் எனக்குன்னு இருந்துச்சு. அதைப் போய்க் கொன்னியே, உனக்கு நான் என்னடா பண்ணேன்?

கொழுந்தன்: ஒண்ணும் பண்ணல.

அண்ணி: பின்ன?

கொழுந்தன்: ஒண்ணும் பண்ணலங்கிறேன்ல... சும்மா டீயக் குடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பீங்க. நான் "பூதம் பறந்து வருது"ம்பேன். நீங்க டம்ளரைக் கீழகூட வைக்காம "பக்கம் எண்பத்தி நாலு, மூணாவது பத்தி, பறக்காது"ம்பீங்க. உடனே எல்லாரும் தலையாட்டுவாங்க. என் பூதம் அண்ணி! ரெண்டு வாரம் யோசிச்சு வச்சிருந்த பூதம். கடைசியில நடந்து வந்துச்சு!

அண்ணி: நடந்து வந்தா என்ன, கால் வலிக்குமா?

கொழுந்தன்: எலக்ட்ரீஷியன் இப்பல்லாம் என்னைக் கேக்குறதே இல்ல. "அக்கா, இது சரியா?"ன்னு உங்க மூஞ்சியத்தான் பாக்குறான். டாக்டரும் அப்படித்தான். அட்டைக்குப் பின்னால நான் ஒருத்தன் எதுக்கு உக்காந்திருக்கேன்? எனக்குப் பத்திக்கிட்டு வருது அண்ணி!

அண்ணி: பத்திக்கிட்டு வந்தா புத்தகத்தை எடுத்து என் முன்னால போட்டு, "எங்க இருக்கு, காட்டு"ன்னு கேக்க வேண்டியதுதானே? ஆம்பளையா லட்சணமா?

கொழுந்தன்: அது முடியாது.

அண்ணி: ஏன்?

கொழுந்தன்: நான் அதைப் படிச்சதில்ல.

அண்ணி: எதை?

கொழுந்தன்: புத்தகத்தை. முன்னூறு பக்கம் அண்ணி, பொடி எழுத்து. முப்பதாவது பக்கத்தோட மூடிட்டேன். மிச்சமெல்லாம் நானா அடிச்சு விட்டது. நீங்க ஒவ்வொரு தடவை பக்கம் சொல்லும்போதும் எனக்கு ஒரே பயம். இன்னைக்குத் திறக்கச் சொல்லிடுவாங்களோ, மானம் போயிடுமோன்னு. நீங்க வரலைன்னா அதை யாரும் திறக்க மாட்டாங்கன்னு நெனச்சேன். அதான்... என்ன அண்ணி, சிரிக்கிறீங்க? சிரிக்காதீங்க அண்ணி!

அண்ணி: இரு... மூச்சு வாங்கிக்கிறேன். சரி, கேளு. ஞாயித்துக்கிழமை எல்லாரும் உக்காந்ததும், விழுந்தது பதினேழுன்னு உன் வாயாலயே சொல்ற. அவ எந்திரிக்கிறா. டாக்டர்கிட்ட இருந்து பூட்ஸ் திரும்பி வரணும்.

கொழுந்தன்: சொல்லிடுறேன். சத்தியமா சொல்லிடுறேன். ஆனா அண்ணி, நான் படிக்கலங்கிறதை மட்டும் அவங்ககிட்ட...

அண்ணி: நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுடா சொல்றது? அந்தப் புத்தகத்தை நான் தொட்டதுகூட இல்ல. எண்பத்தி நாலுங்கிறது நான் தினம் ஆஃபீசுக்குப் போற பஸ்ஸு நம்பரு.